கீழ்ப்பாக்கம் என்ற வசைச்சொல்

பள்ளிக்கூடத் திடலில் ஒரு பையன் கோபத்தில் மட்டையை வீசி எறிந்தால் பக்கத்தில் நிற்பவன் சொல்வான்: "டேய், இது கீழ்ப்பாக்கம் கேஸுடா." சொல்பவன் சென்னையையே பார்த்திருக்க மாட்டான். தேனியிலோ திருச்செந்தூரிலோ இருப்பான். ஆனாலும் அந்தப் பெயர் சென்னையின் மனநோய் மருத்துவமனையைக் குறிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது, அநேகமாகத் தாத்தாவுக்கும்.

உண்மையான கீழ்ப்பாக்கம் சென்னையின் நடுவே, மரங்கள் அடர்ந்த ஒரு பழைய குடியிருப்பு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் தோட்ட வீடுகளிலிருந்து வளர்ந்த பகுதி. 1914 முதல் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீரேற்று நிலையம் அங்கே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாலைந்து தலைமுறையாக நகரம் குடித்த தண்ணீர் கீழ்ப்பாக்கத்துத் தண்ணீர்தான். ஆனால் ஊர்ப்பெயரைச் சொன்னதும் யாருக்கும் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை. அவர்கள் நினைக்கும் அந்த மனநோய் மருத்துவமனையும் இன்றைய கணக்கில் அயனாவரத்தில், மேடவாக்கம் டேங்க் சாலையில்தான் இருக்கிறது.

ஒரு காப்பகத்துக்கும் அதைச் சுற்றியிருந்த ஊருக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக என்ன நடந்தது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. இதைப் பல வருடங்களாகத் தொடர்ந்து வாசித்தும் விசாரித்தும் வந்ததில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிலைக் கட்டியது அரசாங்கம். அது இடிந்துவிடாமல் காலமெல்லாம் பூசி மெழுகி வந்தது வெளியே இருந்த நாம்.

சர்ஜன் வீட்டிலிருந்து தோட்டத்துக்கு

தொடக்கம் 1794. கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன் வாலன்டைன் கானலி மனநோயாளிகளுக்கென்று சென்னையில் ஒரு விடுதியைத் தொடங்கினார். 16 பேர் தங்கும் அளவுதான். அது ஏறக்குறைய ஒரு தனியார் தொழிலாகவே நடந்தது. இடம் சர்ஜனுடையது, நோயாளியைக் காப்பதற்கான பணம் கம்பெனியுடையது. பின்னால் அந்த இடம் கைமாறி ஜேம்ஸ் டால்டன் என்ற இன்னொரு சர்ஜனிடம் வந்தது. அவர் அதை எடுத்துக் கட்டினார். அதன் பிறகு ஆங்கிலேயர்கள் அதை டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். ஆள் பெயரோ ஊர்ப்பெயரோ ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அந்த நாளில் சென்னைப் பட்டணத்து மக்களுக்கும் இந்த விடுதிக்கும் பெரிய உறவு இருந்திருக்க வழியில்லை. வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் கோயில் உண்டு, தர்கா உண்டு, வைத்தியர் உண்டு, மந்திரிப்பவர் உண்டு. ஊர்ப் பொதுத்திண்ணையில் உட்கார்ந்து தனக்குள் பேசிக்கொண்டிருப்பவருக்கு எந்த வீட்டிலாவது ஒரு வேளைச் சோறு விழும். இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. தூணில் கட்டிவைப்பதும் வேப்பிலை அடியும் அதே ஊர்களில்தான் நடந்தன. ஆனால் நோயாளி ஊரின் கண்ணெதிரே இருந்தார்.

கண்ணைவிட்டு அகற்றியது 1858-இன் சட்டம். கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்த அதே ஆண்டு. தெருவில் அலைகிற மனநோயாளியைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது போலீஸின் கடமை என்று அந்தச் சட்டம் சொன்னது. மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால் காப்பகம். ஒரு நோய் போலீஸ் வழியாக மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. நம் ஊர் மனத்தில் மனநோயும் குற்றமும் ஒரே வாசனையோடு ஒட்டிக்கொண்டதற்கு இந்த வழித்தடம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். காக்கிச் சட்டை வந்து கூட்டிக்கொண்டு போனவரைப் பற்றித் தெரு வேறு எப்படிப் பேசும்?

பழைய இடம் போதவில்லை. 1867-இல் லோகாக் தோட்டம் என்ற இடத்தில், 66½ ஏக்கரில் புதிய கட்டடங்கள் எழத் தொடங்கின. 1871-இல் 145 நோயாளிகளோடு அது திறக்கப்பட்டது. இன்று நாம் காணும் வளாகம் அதுதான். அன்றைய மருத்துவ நம்பிக்கையின்படி பைத்தியத்துக்கு நல்ல காற்று வேண்டும், மரம் வேண்டும், கைக்கு வேலை வேண்டும், பட்டணத்து இரைச்சல் கூடாது. அதனால் ஊருக்கு வெளியே இடம் தேடினார்கள். இந்த நோக்கத்தில் நல்லெண்ணம் இருந்தது. ஆனால் ஊருக்கு வெளியே என்பதை ஊர் வேறு விதமாகப் புரிந்துகொள்ளும். நம் ஊர்களில் ஊருக்கு வெளியே இருப்பவை சுடுகாடும் சேரியும்தான். அந்த வரிசையில் இதுவும் சேர்ந்தது.

பின்பு நகரமே மதிலை நோக்கி வந்தது. பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே பட்டறை, 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருப்புகள், கடைகள், பேருந்துகள். ஊருக்கு வெளியே கட்டியது ஊருக்கு நடுவில் வந்துவிட்டது. ஆனாலும் தூரம் குறையவில்லை.

கான்ஸ்டபிள் சொன்னதும் காகிதத்தில் ஏறியதும்

ஊருக்கும் காப்பகத்துக்கும் இடையில் செய்தி எப்படிப் போய்வந்தது என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1893-94-இல் இந்திய அரசு கஞ்சாவைப் பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. இந்தியக் காப்பகங்களில் பைத்தியத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா என்று எழுதப்பட்டிருந்தவர்கள் ஏராளம். அது உண்மையானால் கஞ்சாவைத் தடைசெய்ய அது ஒன்றே போதும்.

ஆணையம் 1892-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர்களில் அப்படி எழுதப்பட்ட 222 பேரின் காகிதங்களை எடுத்தது. அதோடு நிற்கவில்லை. அவர்கள் வந்த இடங்களுக்கு ஆள் அனுப்பி, வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரிக்கச் செய்தது. விசாரணை முடிந்தபோது 98 பேர் விஷயத்தில்தான் கஞ்சாவைக் காரணமாகவோ காரணங்களில் ஒன்றாகவோ சொல்ல முடிந்தது. மற்றவை நிற்கவில்லை.

அப்படியானால் அந்தக் கட்டத்தை நிரப்பியது யார்? ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்தான். அவர்கள் அனுப்பிய விவரத்தாளில் காரணம் எழுதியாக வேண்டும். தெரியாது என்று எழுதினால் மேலே கேள்வி வரும். கஞ்சா என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். காப்பகத்தின் எழுத்தர் அதை அப்படியே பேரேட்டில் பெயர்த்தார். பேரேட்டிலிருந்து ஆண்டறிக்கைக்குப் போனது. ஆண்டறிக்கையிலிருந்து மருத்துவ உண்மையானது.

ஒரு மனிதரின் வாழ்க்கை அவரை அறியாதவர் வாய்வழியாகவே உள்ளே போயிருக்கிறது. அவரைப் பெற்றவளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ யாரும் கேட்கவில்லை. ஓர் ஆணையம் வந்து கேட்கவைத்த பிறகுதான் கதையில் பாதிக்கு மேல் பொய் என்று தெரிந்தது. இந்தச் சம்பவத்தை வாசித்த நாளிலிருந்து எந்தப் பழைய மருத்துவமனைப் பதிவைப் பார்த்தாலும், இதைச் சொன்னது யார் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

தூரமும் சேர்ந்துகொண்டது. அன்றைய சென்னை மாகாணம் இன்றைய ஒடிசாவிலுள்ள கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை. விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் தனிக் காப்பகங்கள் வந்த பிறகும், சென்னைக்கு அனுப்பப்பட்டவரைப் பார்க்க மதுரைக்குத் தெற்கேயிருந்து ஒரு குடியானவர் வந்து போவது எளிதல்ல. முதல் வருடம் ஒருமுறை வருவார்கள். அடுத்த வருடம் கடிதம் வரும். பிறகு அதுவும் நிற்கும்.

பெயர் மாறியது, சொல் மாறவில்லை

1912-இல் புதிய சட்டம் வந்தது. 1922-இல் காப்பகம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அரசு மனநோய் மருத்துவமனை என்றார்கள். 1978-இல் மனநலக் கழகம் ஆக்கினார்கள். தமிழில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, மனநோய் மருத்துவமனை, மனநலக் காப்பகம் என்று பலகை மாறிக்கொண்டே வந்தது. தெரு இவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஊர்ப்பெயரே போதுமானதாக இருந்தது.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் அங்கொடை என்றால் இதே பொருள். கேரளத்தில் திருவனந்தபுரத்துக்காரர் ஊளம்பாறை என்பார், கோழிக்கோட்டுக்காரர் குதிரவட்டம் என்பார். மலேசியத் தமிழர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்குப் பின்னாளில் மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள்படும் பஹாகியா என்ற பெயரை வைத்தார்கள். பலகையில் மகிழ்ச்சி, வாயில் பழைய ஊர். சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ் மருத்துவமனை. அருகில் இருந்த ஒரு மரப்பாலத்தால் வந்த பெயர் அது. அந்தப் பாலத்தின் சீனப் பெயரும் வசையாகிப்போனது. 1993-இல் பெயரை மாற்றினார்கள். லண்டனில் 1851-இல் திறந்த கால்னி ஹாட்ச் காப்பகத்தைச் சுற்றிக் குடியேறியவர்கள் தங்கள் பகுதியை அந்தப் பெயரால் அழைப்பதையே வெறுத்தார்கள். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் இருந்த கால்னி ஹாட்ச் காலப்போக்கில் மறைந்து, நியூ சவுத்கேட் ஆயிற்று.

சுற்றுப்புறத்தாரும் இதில் அடிபடுகிறார்கள் என்பதை இந்த லண்டன் கதை காட்டுகிறது. கீழ்ப்பாக்கத்தில் வளர்ந்தவர்கள் கல்லூரியில் தங்கள் ஊரைச் சொன்னதும் எழும் சிரிப்பைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "கீழ்ப்பாக்கமா? எந்தப் பக்கம், உள்ளயா வெளியயா?" முதல் நாள் சிரித்துவிட்டுப் போவார்கள். நாலாவது நாள் "புரசைவாக்கம் பக்கம்" என்று சொல்லப் பழகியிருப்பார்கள்.

மருந்து வந்தது, வீடு வரவில்லை

1950-களின் நடுவில் குளோர்புரோமசின் என்ற மாத்திரை இந்தியாவுக்கு வந்தது. அதுவரை மனச்சிதைவு நோய்க்கு இன்சுலின், மின் அதிர்ச்சி, தனியறை என்றிருந்த நிலை மாறியது. குரல்கள் கேட்பது குறைந்தது, தூக்கம் வந்தது, ஆட்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். பூட்டிவைக்கக் காரணம் குறைந்த காலம் அது.

அந்தக் காலத்தில் கீழ்ப்பாக்கத்தின் பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தார். புறநோயாளிப் பிரிவை வலுப்படுத்தினார், வெளியிலிருந்து தன்னார்வலர்களை உள்ளே வரவழைத்தார், நோயாளிகள் தொழில் கற்கும் கூடத்தை வளர்த்தார். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். 1992-இல் பத்ம பூஷண் பெற்றார். 2021 டிசம்பரில் தமது 98-ஆம் வயதில் காலமானார். மதிலில் கதவு வைக்க வேண்டும் என்று நினைத்தவர்களைப் பற்றி எழுதினால் முதல் பெயர் அவருடையதுதான்.

ஆனால் மருந்து ஒரு புதிய கேள்வியைக் கொண்டுவந்தது. ஆள் தேறிவிட்டார், சரி. எங்கே அனுப்புவது?

மருத்துவமனைகளில் வேலை பார்த்த சமூகப் பணியாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு கதை சொல்வார்கள். சேர்க்கும்போது கொடுத்த முகவரிக்குக் கடிதம் போடுவார்கள். அப்படி ஒரு வீடே இல்லை என்று திரும்பி வரும். தெரு இருக்கும், கதவு எண் இருக்காது. கதவு எண் இருந்தால் அந்தப் பெயரில் யாரும் இருக்க மாட்டார்கள். நேரில் தேடிப்போய்க் கண்டுபிடித்தால், அண்ணன் வாசலிலேயே நின்று பேசுவார். "பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம் சார். அது முடியட்டும், நாங்களே வந்து கூட்டிக்கிறோம்." கல்யாணம் முடிந்த பிறகும் யாரும் வருவதில்லை.

அந்த அண்ணனைக் கொடியவர் என்று என்னால் எழுத முடியாது. நிலத்தில் பங்கு போகுமே என்று தம்பியை உள்ளேயே விட்டுவைத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் பயந்தவர்கள். 1955-இன் இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். வீட்டில் ஒருவர் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த தலைமுறைக்கும் வரன் அமையாது. மாத்திரையோ சென்னையில்தான் கிடைக்கும். அது தீர்ந்துபோய் நோய் திரும்பினால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற ஒற்றைக் கேள்விக்குள் இத்தனை கணக்கும் அடங்கியிருந்தது.

பழுப்பு அட்டை போட்ட நோட்டு

இதை எழுதுவதற்கு எனக்கும் ஒரு காரணம் உண்டு. என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, பத்தொன்பது வயதில் நோயில் விழுந்தான். முதல் இரண்டு வருடம் கோயில் கோயிலாகப் போனார்கள். கையில் மந்திரித்த கயிறு ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சென்னைக்கு ரயிலேறினார்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை பயணம். பக்கத்து வீட்டில் கேட்டால், "எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு" என்பார் பெரியம்மா. அண்ணனுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் ஊர் நம்ப வேண்டுமே என்று அவனுக்கு ஒரு பவர் இல்லாத கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தார். பேருந்தில் கண்டக்டர் "மென்டல் ஆஸ்பத்திரி எல்லாம் எறங்கு" என்று சத்தம் கொடுப்பாராம். அந்தச் சத்தத்துக்கு எழுந்து நிற்க முடியாமல் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, வெயிலில் நடந்தே போவார்கள். கையில் ஒரு டிபன் கேரியர், எலுமிச்சைச் சாதமும் துவையலும்.

மாத்திரை எழுதிக்கொடுக்கும் நோட்டுக்குப் பெரியம்மா பழுப்பு அட்டை போட்டிருந்தார். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவோமே, அதே தாள். மூலைகளை மடித்து, ஓரத்தில் பசை தடவி, மேலே லேபிள் ஒட்டி, அதில் என் தங்கையின் பெயரை எழுதி, பாடம் என்ற இடத்தில் கணக்கு என்று போட்டிருந்தார். எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் நாலாவது வகுப்புப் பாடநூல்களுக்கு நடுவே அது பல வருடம் இருந்தது. விருந்தாளி வீட்டுப் பிள்ளை ஒன்று ஒரு நாள் அதை இழுத்துப் பார்த்தபோது பெரியம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்த வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அண்ணனுக்கு நல்லபடியாக வைத்தியம் நடந்தது. அவனைப் பார்த்துக்கொண்ட டாக்டரையும் நர்ஸம்மாவையும் பெரியம்மா இன்றும் பேர் சொல்லி வாழ்த்துவார். அந்த வாசலுக்குள் அவருக்குப் பயம் இருந்ததில்லை. பயமெல்லாம் தெருவில்தான்.

ஹீலும் ஏர்வாடியும்

மதிலே இல்லாத ஓர் ஊரின் கதை உண்டு. பெல்ஜியத்தில் ஹீல் என்ற சிற்றூர். புனித டிம்ஃப்னா என்ற பெண்ணின் பெயரில் அங்கே ஒரு தேவாலயம். மனநோய் தீர அவளிடம் வேண்டிக்கொள்ள இடைக்காலத்திலேயே மக்கள் வரத் தொடங்கினார்கள். ஒன்பது நாள் பிரார்த்தனை. நோயாளிகள் தங்கத் தேவாலயத்தை ஒட்டி ஓர் அறை கட்டினார்கள். கூட்டம் அதிகமானதும் குருக்கள் ஊராரிடம் கேட்டார்கள்: உங்கள் வீட்டில் ஒருவரை வைத்துக்கொள்ள முடியுமா?

வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் மாதமாகி வருடமானது. நோயாளி வயலில் வேலை செய்தார், மாட்டைப் பார்த்துக்கொண்டார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஊரில் அவருக்குப் பெயர் நோயாளி கிடையாது. வீட்டில் தங்கிச் சாப்பிடுபவர் என்று பொருள்படும் சொல்தான். அந்த வீட்டில் அவர் செத்தால் அடுத்த தலைமுறை இன்னொருவரை ஏற்றுக்கொள்ளும். 1938-இல் அப்படி 3,736 பேர் அந்த ஊர் வீடுகளில் இருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2023-இல் யுனெஸ்கோ இந்த மரபை ஊர் பேணிவரும் முறையை நல்ல முன்மாதிரிகளின் பட்டியலில் சேர்த்தது.

இதைக் கேட்டதும் அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள் போலிருக்கிறது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஹீலிலும் காலில் விலங்கு மாட்டிவைத்த காலம் உண்டு. மாற்றம் வந்தது ஏற்பாட்டால். முதலில் தேவாலயம் பொறுப்பேற்றது. 1850-இல் அரசு ஏற்றது. வைத்துக்கொள்ளும் வீட்டுக்குச் செலவுப் பணம் வந்தது, மருத்துவர் வீடு வீடாக வந்து பார்த்தார், 1862-இல் அருகிலேயே ஒரு மருத்துவமனை எழுந்தது. நோய் முற்றினால் அங்கே, தணிந்தால் மறுபடி வீடு. ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அந்த ஊரில் பதில் இருந்தது.

நம் ஏர்வாடியும் இதே போலத்தான் தொடங்கியது. ராமநாதபுரம் மாவட்டத்து தர்கா. சாதி மத வேறுபாடின்றி மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். தங்க இடம் வேண்டியிருந்தது. ஆனால் இங்கே அந்த இடத்தைக் கொடுத்தது தனியார் விடுதிகள். கீற்றுக் கொட்டகை, மாதப் பணம், சங்கிலி. அங்கே யார் வந்து பார்த்தார்கள்? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விடுதிகளை மூடினார்கள். அங்கிருந்த பலர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பின்னாளில் தர்கா அருகிலேயே பிரார்த்தனையோடு மாத்திரையும் கிடைக்க அரசு வழிசெய்தது. அதைக் கொஞ்சம் முன்னால் செய்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஹீலுக்கும் ஏர்வாடிக்கும் நம்பிக்கையில் வித்தியாசமில்லை. நோயாளிக்கு யார் பதில் சொல்வது என்பதில்தான் வித்தியாசம்.

கதவுகள்

1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நாட்டின் 37 மனநல மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு அறிக்கை தந்தது. அவற்றில் 38 விழுக்காடு சிறை போன்ற பழைய அமைப்பிலேயே இருந்தன. அதற்குச் சற்று முன்பே தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் திருச்சியில் தொடங்கியிருந்தது. இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்படாத இந்தத் திட்டம்தான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். மாத்திரை பக்கத்து ஊருக்கு வந்ததும் பாதி மதில் தானாகவே தாழ்ந்தது.

2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றைச் சொன்னது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவர் மருத்துவமனையிலேயே கிடக்கக் கூடாது. அவர் ஊருக்குள் வாழ அரசு வழிசெய்ய வேண்டும். சென்னையில் 1993-இல் வீடற்ற பெண்களுக்காகத் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, 2015 முதல் இதைச் செய்து காட்டி வருகிறது. நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். கோலம் போடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டில் தேங்காய்ச் சில்லு கடன் வாங்குகிறார்கள்.

கீழ்ப்பாக்கத்துக்குள்ளும் மாற்றம் நடந்தது. அங்கே தொழிற்கூடத்தில் நோயாளிகள் ரொட்டி சுடுகிறார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் வளாகத்திலேயே ஒரு வாக்குச்சாவடி அமைத்தார்கள். 150-க்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். புத்தி சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தால்தான் வாக்குரிமை போகும் என்பதே சட்டம். அவர்களை எந்த நீதிமன்றமும் அப்படி அறிவித்ததில்லை. இத்தனை தேர்தல்களாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்று மை வைத்த விரலை நீட்டிக்கொண்டு அவர்கள் நின்ற படங்கள் செய்தித்தாள்களில் வந்தன.

2022 அக்டோபரில் அங்கே சிகிச்சைக்கு வந்து பழகிய இருவர் கல்யாணம் செய்துகொண்டார்கள். சுகாதாரத் துறை அமைச்சர் வந்து வாழ்த்தினார். எந்தப் பெயரைச் சொன்னால் வரன் கலைந்துபோகுமோ அந்த இடத்திலேயே ஒரு தாலி கட்டப்பட்டது.

பெரியம்மாவுக்கு அந்தச் செய்தியை நான்தான் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொண்ணு எந்த ஊராம்?" என்று கேட்டார்.

அண்ணனுக்கு இப்போது ஐம்பது வயதாகப்போகிறது. மாத்திரை வாங்க மெட்ராஸ் போக வேண்டியதில்லை. தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை மனநல டாக்டர் வருகிறார். அவனே சைக்கிளில் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, வரும் வழியில் டீ குடித்துவிட்டு வருகிறான். பவர் இல்லாத அந்தக் கண்ணாடியை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டான்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அலமாரியைப் பார்த்தேன். இப்போது இருப்பது நாலாவது நோட்டோ ஐந்தாவது நோட்டோ. அதற்கும் பழுப்பு அட்டை போட்டிருந்தார் பெரியம்மா. லேபிளில் இந்த முறை அண்ணன் பெயரே இருந்தது. பாடம் என்ற இடத்தை மட்டும் வெறுமனே விட்டிருந்தார்.